கொத்தனாரம்மா

சென்ற கோடையில் ஒரு மாதம் ஊட்டியில் போய் உட்கார்ந்திருந்தேன். நாவல் எழுதுவதாக ஏற்பாடு. நாவல் நகரவில்லை. நான் தங்கியிருந்த வீடு சாலைக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே சாலையின் விளிம்பில் சர்க்கார் செலவில் ஒரு தடுப்புச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. எழுத்து ஓடாத எழுத்தாளனுக்கு, கண்ணெதிரே யாராவது உழைத்துக்கொண்டிருப்பதைப் போன்ற நல்ல சாக்கு வேறு கிடையாது. மாதம் முழுவதும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கொத்தனார்கள், கல்லை உடைத்துச் சீராக்கித் தர ஒருவர், மண் வெட்ட இரண்டு ஆண்கள், இவர்களுக்கெல்லாம் மேலே ஒரு மேஸ்திரி. மீதி ஏழு பேரும் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் சாயம்போன ஸ்வெட்டர், தலையில் துண்டு, துண்டின் மேல் சும்மாடு. காலையில் மூடுபனி கலைவதற்கு முன்பே வந்துவிடுவார்கள். மலையில் லாரி சாலையோடு நின்றுவிடும். அதற்குக் கீழே நாற்பது ஐம்பது அடிச் சரிவில் ஒவ்வொரு கல்லும், ஒவ்வொரு சட்டி மணலும், கலவைக்கு வேண்டிய தண்ணீரும் தலையில்தான் இறங்க வேண்டும். அந்தச் சுவரில் இவர்கள் தலையில் ஏறாமல் வந்த பொருள் ஒன்றுகூட இல்லை.

அந்த ஏழு பேரில் ஒரு அம்மாளை நான் முதல் வாரத்திலேயே கவனித்தேன். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிரும்போது, ஒரு வினாடி சுவரை ஏற இறங்கப் பார்ப்பாள். பிறகு கொத்தனாரிடம் ஏதோ சொல்வாள். அவன் கேட்காததுபோல் இருப்பான். அவள் மேலே ஏறிப் போனதும் தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிட்டுப் பார்த்து, வைத்த கல்லைப் பெயர்த்து மறுபடி வைப்பான். இது ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை நடந்தது. மூன்றாவது வாரம் நான் கீழே இறங்கிப் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"எத்தனை வருஷமாம்மா இந்த வேலை?"

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சு சார். பெரிய பொண்ணு கைக்குழந்தையா இருக்கறப்ப வந்தேன்."

"கொத்தனார் எத்தனை வருஷமாக இருக்கிறார்?"

அவள் சிரித்துவிட்டாள். "இவனா? எங்கூட கலவை போட்டுக்கிட்டிருந்த பையன் சார். ஆறு வருஷம் இருக்கும், கரண்டி புடிச்சு."

கொத்தனாருக்கு நாள் கூலி ஆயிரத்து இருநூறு. அவளுக்கு அறுநூறு. இருபத்திரண்டு வருஷத்துக்கு அறுநூறு, ஆறு வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு. இதில் என்ன கணக்கு இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு அது ஒரு கணக்காகவே படவில்லை. அவள் கவலை வேறாக இருந்தது.

"சார், நீங்க படிச்சவங்க, ஆபீசருங்க யாராச்சும் வந்தா சொல்லுங்க. தண்ணி போறதுக்குச் சுவத்துல ஓட்டை விடலை. இந்த மண்ணுக்குள்ள ஊத்து இருக்கு. ஐப்பசி மழை வந்தா சுவரு வயிறு தள்ளிரும்."

"மேஸ்திரியிடம் சொன்னீங்களா?"

"சொன்னா, 'நீ சட்டியத் தூக்கு'ம்பாரு."

மலைப் பிரதேசத்துத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற வழி விட வேண்டும் என்பது பொறியியல் பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். மண் மட்டுமே சுவரைத் தள்ளுவதில்லை. மண்ணுக்குள் தேங்குகிற தண்ணீர்தான் தள்ளுகிறது. அந்த அம்மாள் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. இருபத்திரண்டு மழைக்காலம் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அவளுடைய தாயார் 1970-களில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவளாம். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இத்தனை லட்சம் பேர் உங்களுக்கு, இத்தனை லட்சம் பேர் எங்களுக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள் அல்லவா, அந்த எண்ணிக்கையில் ஒன்று. அப்படி வந்தவர்களுக்காகச் சர்க்கார் 1968-லேயே இந்த மலையில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. தோட்டத்தில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. இடம் இல்லாதவர்கள் சரிவுகளில் குடிசை போட்டுக்கொண்டு, மற்றவர்களுக்கு வீடு கட்டப் போனார்கள்.

அன்று மாலை டீக்கடையில் மேஸ்திரியைப் பிடித்தேன். நல்ல மனிதர். எனக்கும் சேர்த்து அவரே டீ சொன்னார்.

"ஏன் மேஸ்திரி, அந்த அம்மா கையில் ஒரு நாள் கரண்டியைக் கொடுத்துப் பார்த்தால் என்ன?"

"பொம்பளை கையிலயா? சரிப்படாது சார்."

"ஏன் சரிப்படாது?"

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"அது… சரிப்படாது சார்."

அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு சிரிப்பு போய்விட்டது. கட்டட வேலையைப் பற்றிப் பேசுகிற காண்டிராக்டர்கள், இஞ்சினீயர்கள், உத்தியோகஸ்தர்கள் என்று பத்துப் பேரிடம் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் சொன்ன காரணங்கள் நீளமாக இருந்தன. ஆனால் மேஸ்திரி சொன்னதைவிட ஒரு வார்த்தைகூட அதிகமாக அவற்றில் இல்லை.

பலம் போதாதாம். ஈரக் கலவை நிறைந்த சட்டி ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். உங்களால் முடிந்தால் அதைத் தலையில் வைத்துக்கொண்டு சாரத்தின் பலகையில் நாலு படி ஏறிப் பாருங்கள். அப்புறம் கொத்தனாரின் கரண்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பலம் வேண்டிய வேலை பெண்ணுக்கு, பலம் வேண்டாத வேலை ஆணுக்கு என்று பிரித்து வைத்துவிட்டு, பெண்ணுக்குப் பலம் இல்லை என்று சொல்லுகிற துணிச்சலுக்கு ஏதாவது பரிசு இருந்தால் கொடுக்கலாம்.

சேலை கட்டிக்கொண்டு சாரத்தில் ஏற முடியாதாம். ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள். கையை வீசிக்கொண்டு ஏற முடியாது என்கிறார்கள் போலிருக்கிறது. தலையில் சட்டியோடு ஏறினால் தடையில்லை.

கற்றுக்கொள்ள அவர்களுக்கே ஆசை இல்லையாம். கொத்தனாருக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? பெரியாளாகச் சேர்ந்த பையன் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், பெரிய கொத்தனார் கண்ணயர்ந்த நேரத்தில் கரண்டியை எடுத்து, பூச்சுக்குள் மறையப்போகிற ஒரு மூலையில் இரண்டு கல் வைத்துப் பார்க்கிறான். எழுந்து வந்தவர் இரண்டு திட்டு திட்டுகிறார். மூன்றாவது நாள், "அப்படி இல்லடா, இப்படிப் பிடி" என்கிறார். நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கு இருக்கிற பள்ளிக்கூடம் பெரும்பாலும் இதுதான். அந்தச் சாப்பாட்டு வேளையில் சித்தாள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள்: மத்தியானத்துக்குப் பிறகு வேண்டிய கலவைக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருக்கிறாள், அல்லது மரத்தடியில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டும் இல்லாமல் அவள் கரண்டியைத் தொட்டால், திட்டு விழாது, சிரிப்பு விழும். திட்டைத் தாங்கிக்கொண்டு தொழில் கற்கலாம். பத்துப் பேர் சிரிக்கிற சிரிப்பைத் தாங்கிக்கொண்டு கற்பது கஷ்டம்.

பிள்ளைகுட்டிக்காரி, நாளைக்கு நின்றுவிடுவாள் என்பது இன்னொன்று. அந்த நாளைக்கு இருபத்திரண்டு வருஷமாக வரவில்லை. பிள்ளைகளுக்காகச் சட்டம் ஒன்று இருந்தது. 1996-ஆம் வருஷத்துக் கட்டடத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அறை ஒதுக்க வேண்டும் என்றது. 2020-இல் எல்லாவற்றையும் சேர்த்துப் புதுச் சட்டத் தொகுப்பு இயற்றியபோது ஆண்களையும் சேர்த்து எண்ணலாம் என்று ஆயிற்று. ஐம்பது என்ற கணக்கு மட்டும் போகவில்லை. இந்த மலையில் ஐம்பது பேர் ஒரே இடத்தில் நிற்கிற வேலை எத்தனை நடக்கிறது? பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிற சுவர்தான் இங்கே அதிகம். குழந்தை ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் சாக்குத் தொட்டிலில் ஆடுகிறது.

'சித்தாள்' என்ற வார்த்தையையே பாருங்கள். சிற்றாள், சித்தாள். சின்ன ஆள். கூட வேலை செய்கிற ஆண் பெரியாள். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பதினேழு வயதுப் பையன் பெரியாள். அவனுடைய பாட்டி வயதுக்காரி சித்தாள். பெரியாளுக்கு மேலே கொத்தனார், கொத்தனாருக்கு மேலே மேஸ்திரி, மேஸ்திரிக்கு மேலே காண்டிராக்டர் என்று ஏணி போகிறது. சித்தாளுக்கு மேலே ஒன்றும் இல்லை, சட்டிதான் இருக்கிறது.

'டாக்டரம்மா' என்றால் டாக்டராக இருக்கிற அம்மாள். 'வாத்தியாரம்மா' என்றாலும் அப்படியே. ஒரு காலத்தில் இவை டாக்டரின் சம்சாரத்தையும் வாத்தியாரின் சம்சாரத்தையும் குறித்திருக்கும். இன்று பெரும்பாலும் இல்லை. 'கலெக்டரம்மா' என்று சொன்னால் கலெக்டரின் மனைவியை யாரும் நினைப்பதே கிடையாது. இந்த நீலகிரிக்கே பெண் கலெக்டர்கள் பலர் வந்து போயிருக்கிறார்கள். ஆனால் 'கொத்தனாரம்மா' என்று சொல்லிப் பாருங்கள். தூக்குப்போசியில் புருஷனுக்குச் சோறு கொண்டு வருகிற ஒருத்திதான் மனசில் வருவாள். அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் ஏற்பட்டாக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

சர்க்காரின் மராமத்து வேலைக்கு விலை விகிதப் புத்தகம் என்று ஒன்று உண்டு. எந்த வேலைக்கு என்ன ஆள், அவருக்கு என்ன கூலி என்று எல்லாம் அதில் இருக்கும். அதில் முதல் வகை மஸ்தூர், இரண்டாம் வகை மஸ்தூர் என்று இரண்டு வகை. ஆண், பெண் என்று அச்சில் போட்டிருந்தால் 1976-ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டம் இடித்திருக்கும். அதன் சாரத்தை 2019-ஆம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பிலும் வைத்திருக்கிறார்கள். எண் போட்டால் எந்தச் சட்டமும் இடிக்காது. வேலையிடத்தில் இரண்டாம் வகை யார் என்று அந்தச் சாக்குத் தொட்டிலில் கிடக்கிற குழந்தையைக் கேட்டால்கூடச் சொல்லும்.

நீலகிரியின் பொது வேலைகளைச் செய்தவர்கள் யார் யார் என்று கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 1820-களில் ஸல்லிவன் துரை ஏரி வெட்டினார். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கர ரயில் 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் ஏறியது: பதினாறு குகைகள், இருநூற்றைம்பது பாலங்கள். 1932-இல் பைக்காராவில் மின்சாரம் வந்தது. 1950-களின் பிற்பகுதியில் கனடா தேசத்து உதவியோடு குந்தா அணைகள் எழுந்தன. சமவெளித் தமிழர், மலையாளிகள், தெலுங்கர், கன்னடியர் எல்லோரும் இந்த மலையைக் குடைந்தார்கள். நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்டம் போட்டபோது சிங்கப்பூர், பினாங்குப் பக்கத்திலிருந்து மதராஸ் மாகாணத்துக்கு அனுப்பிய சீனக் கைதிகளைக் கொண்டு வேலை வாங்கினார்கள். தண்டனை முடிந்தபின் அவர்களில் சிலர் இங்கேயே தமிழ்ப் பெண்களை மணந்து குடியிருந்தார்கள். ஆக, ஊரும் பாஷையும் ஜாதியும் பாராமல் ஆள் சேர்ப்பதில் இந்த மலைக்கு இருநூறு வருஷத்து அனுபவம் உண்டு.

சிங்கப்பூரிலிருந்து இங்கே கைதிகள் வந்த அதே காலத்தில் இங்கிருந்தும் வங்காளத்திலிருந்தும் சிங்கப்பூருக்குக் கைதிகள் போனார்கள். அங்கே இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிற புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை 1856-இலிருந்து ஐந்தாறு வருஷத்தில் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். கல் சுமக்க மட்டும் அவர்களை வைக்கவில்லை. செங்கல் அறுக்க, சுவர் எழுப்ப, மரம் இழைக்க, இரும்பு அடிக்க என்று சிறையிலேயே தொழில் கற்றுக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் தர்மத்துக்காகச் செய்யவில்லை. கட்டடம் வேண்டும், ஆள் இல்லை, கற்றுக் கொடுத்தான். கொலைகாரனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் கரண்டி கொடுத்தார்கள். ஒரு குற்றமும் செய்யாத சித்தாளுக்கு நூற்றெழுபது வருஷம் கழித்தும் கொடுக்கவில்லை.

இதே மலையில் ஆதியிலிருந்து வாழ்கிற கோத்தர்களில் கொல்லு வேலையும் தச்சு வேலையும் ஆண்கள் செய்கிறார்கள். மண்பாண்டம் வனைவது பெண்கள். எந்த மண்ணில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் பிசைந்தால் விரிசல் விடாது என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். பெண் கைக்குக் கலவையின் பதம் வராது என்று சொல்கிற இஞ்சினீயர்கள் கோத்தகிரிப் பக்கம் ஒரு நாள் போய்வரலாம்.

இஞ்சினீயர்கள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கிண்டி இஞ்சினீயரிங் காலேஜில் 1940-களின் தொடக்கத்திலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 1943-இல் ஏ. லலிதா பட்டம் பெற்றார். அவரோடு படித்த பி. கே. திரேசியா 1971-இல் கேரளத்தின் பொதுப்பணித் துறைக்கே தலைமைப் பொறியாளர் ஆனார். இன்று நம் வீடுகளில் பெண் இஞ்சினீயர் இல்லாத வீடு அபூர்வம். நமக்கு அதில் பெருமையும் உண்டு. 2016-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று ஆகிவிட்டது. ஊராட்சி வேலைகளில் பாதிக்குக் கையெழுத்துப் போடுகிறவர் பெண்ணாகத்தான் இருப்பார். ஆக, சுவருக்குப் படம் போடுகிறவள் பெண். சுவருக்குப் பணம் ஒதுக்குகிறவள் பெண். சுவருக்குக் கல் சுமக்கிறவள் பெண். நடுவில் அந்தக் கல்லை எடுத்து அதன் இடத்தில் வைப்பது மட்டும் அவளால் ஆகாது.

மேல்தட்டு இடங்களை நாம் போராடி வாங்கியதற்குக் காரணம், அங்கே போகக்கூடிய பெண்கள் நம் வீட்டில் இருந்தார்கள். கரண்டியைக் கேட்க நம் வீட்டில் யாரும் இல்லை. இதை மற்றவர்களுக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம், எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் வீடு கட்டினேன். எட்டு மாதம் நடந்த அந்த வேலையில் நான் சித்தாள்களைப் பற்றிப் பேசிய ஒரே பேச்சு, "மேஸ்திரி, இன்றைக்கு இரண்டு சித்தாள் அதிகமாக இருக்கிறதே, குறைத்துக்கொள்ளக் கூடாதா?" என்பதுதான். அந்த எட்டு மாதத்தில் நான் எழுதிய தொடர்கதை பெண் விடுதலையைப் பற்றியது. பாராட்டிக் கடிதங்கள் வந்தன.

காண்டிராக்டர்கள் சொல்கிற கடைசிக் காரணம் ஒன்று பாக்கி இருக்கிறது. "உள்ளூரில் கொத்தனார் எங்கே சார் கிடைக்கிறான்? பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் கொண்டு வருகிறோம்" என்கிறார்கள். வாஸ்தவம். இன்று ஊட்டியில் எந்தப் பெரிய கட்டடத்துக்குப் பக்கத்தில் நின்றாலும் காதில் விழுவது இந்தி. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நம் ஜனங்கள் கண்டிக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனது போலத்தான் அவர்களும் இங்கே வருகிறார்கள், அதே காரணத்துக்காக. ஆனால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ரயிலேற்றி ஆள் கொண்டு வருகிறவருக்கு, தொழிலை இருபது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த ஆள் பத்தடி தூரத்தில் நிற்பது கண்ணில் படவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த ஜார்க்கண்டிலேயே 2016-ஐ ஒட்டி, கிராமங்களில் கழிப்பறை கட்டுகிற வேலை மும்முரமாக நடந்தபோது கொத்தனார் போதவில்லை. ஆண்களெல்லாம் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? சுய உதவிக் குழுப் பெண்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்துக் கரண்டியைக் கையில் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கொத்து வேலை கற்றார்கள். 'ராஜ மிஸ்திரி' என்பது அங்கே கொத்தனாருக்குப் பெயர்; இவர்களை 'ராணி மிஸ்திரி' என்று அழைத்தார்கள். ஜார்க்கண்டின் ராஜாக்கள் நமக்குச் சுவர் கட்ட வந்துவிட்டார்கள். ராணிகள் அங்கே சுவர் கட்டினார்கள். இடையில் நம் ஊர்ச் சித்தாள் ராஜாவுக்குச் சட்டி தூக்கிக்கொண்டிருக்கிறாள்.

தமிழ்நாட்டில் வழி தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார்கள். கல் உடைத்துக் கூலி வாங்கியவர்கள் குத்தகைதாரர் ஆனார்கள். நூறு நாள் வேலை என்று நாம் சொன்ன 2005-ஆம் வருஷத்துச் சட்டம் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அவர்களே செய்தார்கள். ஆனால் அங்கேயும் அவர்களுக்கு வாய்த்தது மண்வெட்டியும் கூடையுந்தான்.

உலகத்தில் வேறு எங்கேயும் இது சுலபமாக நடந்துவிடவில்லை. லண்டனில் வாட்டர்லூ பாலத்தை யுத்த காலத்தில் கட்டியவர்களில் ஏராளமான பெண்கள் இருந்தார்கள். தேம்ஸ் நதிப் படகுக்காரர்கள் அதைப் பெண்கள் பாலம் என்றே சொன்னார்கள். 1945-இல் திறப்பு விழாவில் மந்திரி பேசியபோது கட்டிய ஆண்களைப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்தார். அமெரிக்காவில் 1969-இல் நிக்ஸன் சர்க்கார் பிலடெல்பியா நகரில், சர்க்கார் பணத்தில் கட்டுகிற காண்டிராக்டர்கள் கறுப்பர்களையும் தொழிலில் சேர்க்க வேண்டும் என்று இலக்கு விதித்தது. 1978-இல் பெண்களுக்கும் ஓர் இலக்கு வந்தது: வேலை நேரத்தில் நூற்றுக்கு 6.9. கேட்டால் சிரிப்பாக இருக்கிறது. அந்த ஆறே முக்காலையும் கொஞ்சத்தையும் அவர்கள் நாடு முழுவதும் எட்டவே இல்லை. 2025 ஜனவரியில் அந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையான 1965-ஆம் வருஷத்து உத்தரவையே ஒரு கையெழுத்தில் நீக்கிவிட்டார்கள். கண்காணிக்கிறவன் கண்ணை மூடினால் இலக்கு என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பாடம். இலக்கே வேண்டாம் என்பதற்கு அல்ல.

"சரி ஐயா, கரண்டி பிடித்தால் அறுநூறு ரூபாய் கூடக் கிடைக்கும். அதற்கா இவ்வளவு கூச்சல்?" என்று ஒரு நண்பர் கேட்டார். அறுநூறு ரூபாய் சின்ன விஷயம் என்று நினைப்பவர் அறுநூறு ரூபாய்க்கு ஒரு நாள் கல் சுமந்து பார்க்கட்டும். ஆனால் அது மட்டும் இல்லை.

2024 பிப்ரவரி 7-ஆம் தேதி, ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேல் காந்தி நகரில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், பக்கத்திலிருந்த ஒரு பழைய கட்டடம் மண்ணோடு சேர்ந்து சரிந்து விழுந்தது. ஆறு பேர் செத்துப்போனார்கள். ஆறு பேரும் பெண்கள். சர்க்கார் வேலை அல்ல, தனியார் வேலை. ஆனால் சரிவு எல்லாச் சரிவும் ஒன்றுதான். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தோன்றாத ஒரு கேள்வி, அந்தச் சுவரடியில் நின்று பேசிய பிறகு தோன்றியது. அந்த ஆறு பேரில் யாருக்காவது காலையிலேயே, "இந்த மண் நிற்காது போலிருக்கிறதே" என்று மனசில் பட்டிருக்குமா? பட்டிருந்தால் யாரிடம் சொல்லியிருப்பாள்? சொன்னால் என்ன பதில் கிடைத்திருக்கும்?

மண் விழும்போது கொத்தனார், சித்தாள் என்று பார்த்து விழுவதில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இங்கே வேலை பார்க்க மாட்டேன், முதலில் மண்ணைச் சரிபண்ணு" என்று சொன்னால் வேலை நிற்கும். மேஸ்திரி ஓடி வருவார். சித்தாள் சட்டியைக் கீழே வைத்தால் வேறு சித்தாள் வருவாள். கரண்டியோடு கூடச் சேர்ந்து வருவது அந்த வாய். கொத்து வேலையைப் பெண்களுக்குத் திறந்துவிடு என்று நான் கேட்பது கூலிக்காக மட்டும் அல்ல, அந்த வாய்க்காகவும்தான்.

நான் பார்த்த சுவரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊட்டியை விட்டுக் கிளம்புமுன் ஓட்டை விஷயத்தை ஒரு கடிதமாக எழுதி உரிய ஆபீசில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். கார்த்திகையில் வேறு வேலையாக மறுபடி போனேன். சுவர் அவள் சொன்னபடியே வயிறு தள்ளி, நடுவில் ஒரு பாகம் பிரிந்து சாலையில் கிடந்தது. நல்லவேளை, ராத்திரியில் விழுந்ததால் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய கற்களைப் பொறுக்கி எடுத்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே கற்களை அதே அம்மாள் சுமந்துகொண்டிருந்தாள். "இந்தத் தடவை ஓட்டை விடுறாங்களா?" என்று கேட்டேன். முகவாயால் சுவரைக் காட்டினாள். ஓட்டை விட்டிருந்தது. "ஆபீசர் வந்து சொன்னாராம் சார்," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் வந்தது.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. சர்க்கார் வேலைக்கு டெண்டர் கூப்பிடும்போது எத்தனையோ நிபந்தனை போடுகிறார்கள். எந்த ரக சிமெண்டு, கம்பி எத்தனை மில்லிமீட்டர், ஜல்லி எந்த அளவுச் சல்லடையில் நிற்க வேண்டும், கலவையில் எத்தனை பங்கு மணல் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதத் தெரிகிறது. அதில் ஒரு வரி சேர்க்கட்டும்: கொத்தனாராக வேலைக்கு வைக்கிறவர்களில் பத்துக்கு ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஜல்லி அளவு தப்பினால் பில்லை நிறுத்துகிறார்கள் அல்லவா, இது தப்பினாலும் நிறுத்தட்டும்.

பெண் கொத்தனாருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். பயிற்சி கொடுங்கள். பணம் இருக்கிறது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளர் நலனுக்கென்று வசூலாகிறது. தமிழ்நாட்டில் 1994-லேயே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைத்தாகிவிட்டது. விபத்தில் செத்தால் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கிறது, பிள்ளைகள் படிப்புக்குக் கொடுக்கிறது, அறுபது வயதானால் பென்ஷன் கொடுக்கிறது. எல்லாம் நல்ல காரியம். பத்து வருஷம் சித்தாளாக இருந்தவளை ஆறு மாதம் ஒரு நல்ல கொத்தனாரோடு நிறுத்தி, அந்த ஆறு மாதமும் அவள் கூலி குறையாமல் அந்த நிதியிலிருந்து கொடுக்கட்டும். கற்றுக் கொடுக்கிற கொத்தனாருக்கும் தனியாகக் கொடுக்கட்டும். இல்லாவிட்டால் அவர் கற்றுக் கொடுக்க மாட்டார், அதில் தப்பும் இல்லை. குழந்தைக்கு அறை ஐம்பது பேருக்கு ஒன்று என்பதை விட்டுவிட்டு, பத்துப் பேருக்கு ஒன்று என்று வைக்கட்டும்.

காண்டிராக்டர் தன் சம்சாரத்தின் பெயரையும் மச்சினியின் பெயரையும் மஸ்டர் ரோலில் கொத்தனார் என்று எழுதிக் கணக்குக் காட்டுவார் என்று ஒருவர் எச்சரித்தார். காட்டுவார். முதல் வருஷம் நிச்சயமாகக் காட்டுவார். பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடம் ஒதுக்கிய ஆரம்பத்திலும் தலைவியின் நாற்காலியில் புருஷன் உட்கார்ந்தான். சில ஊர்களில் இன்னும் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் வேறு பல ஊர்களில் இரண்டாவது தேர்தலுக்குள் அவனை எழுப்பிவிட்டார்கள். கரண்டியில் அந்த ஏமாற்று இன்னும் கொஞ்சம் கஷ்டம். சுவர் எதிரே நிற்கிறது, யார் கட்டுகிறார்கள் என்று சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும்.

நீலகிரியில் அடுத்த மழைக்கு முன்னால் எத்தனையோ தடுப்புச் சுவர்களுக்கு டெண்டர் விளம்பரம் வரப்போகிறது. பத்திரிகையில் அந்தப் பக்கத்தை நான் இதுவரை படித்ததில்லை. இந்த வருஷம் படிக்கப் போகிறேன்.